பழைய ராணுவ ஜீப்பில் பெரிய எஞ்சின் போடலாமா? பவர் கூடும்... பிரேக், ஆர்.சி. புக், 'விண்டேஜ்' அடையாளம் என்ன ஆகும்?

தாத்தா காலத்து ஜீப் ஒன்று வீட்டு ஷெட்டில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மேடு கண்டால் திணறுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான். "இந்தப் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு, ஒரு டர்போ டீசலை இறக்கிடலாம் சார். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்!"

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இந்தியா முழுக்க ஆயிரக்கணக்கான ஜீப்களில் இப்படி எஞ்சின் மாறியிருக்கிறது. ஆனால் ஒரு வண்டியின் எஞ்சினை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. கூடுதல் சக்தி கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக், ரேடியேட்டர் என ஒவ்வொன்றாகப் போய் முட்டும். கடைசியில் ஆர்டிஓ அலுவலகத்திலும் முட்டும்.

50 வயதைத் தாண்டிய வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு விதி கொண்டுவந்த பிறகு, இந்த முடிவு இன்னும் முக்கியமாகிவிட்டது. மாற்றிய எஞ்சின், வண்டியின் 'விண்டேஜ்' தகுதியையே பறித்துவிடும். என்னதான் நடக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், அந்த ஜீப்பில் என்ன எஞ்சின் இருந்தது?

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பின் பெயர் வில்லிஸ் எம்பி. அதே வடிவத்தில் ஃபோர்டு நிறுவனம் தயாரித்தது ஜிபிடபிள்யூ. 1941 முதல் 1945 வரை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைத் தயாரித்தன.

இதில் இருந்தது 4 சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 'கோ டெவில்' என்பது அதன் செல்லப் பெயர். 60 குதிரைத்திறன், சுமார் 142 நியூட்டன் மீட்டர் டார்க். டார்க் என்றால் சுழற்றும் விசை. மேட்டில் வண்டியை இழுப்பது இதுதான். அதோடு 3 கியர், தேவைப்படும்போது நான்கு சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், 6 வோல்ட் பேட்டரி, நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 105 கிலோமீட்டர்.

இன்றைய கணக்கில் 60 குதிரைத்திறன் என்பது ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார் தரும் சக்தி. அதனால்தான் 'எஞ்சின் பத்தாது' என்ற எண்ணம் உடனே வருகிறது.

எஞ்சின்தான் ஜீப்பை ஜெயிக்க வைத்தது

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. 1940-ல் அமெரிக்க ராணுவம் இலகுவான உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, பாண்டம், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய மூன்று நிறுவனங்கள் போட்டியில் இருந்தன. மற்ற இரண்டு வண்டிகளின் எஞ்சின்களும் 45 குதிரைத்திறனை ஒட்டியே இருந்தன. வில்லிஸ் வண்டியில் இருந்தது 60. அந்த வித்தியாசம்தான் வில்லிஸுக்குச் சாதகமாக அமைந்தது.

இந்த 60 குதிரைத்திறனும் சும்மா வரவில்லை. வில்லிஸின் பழைய கார் எஞ்சின் 48 குதிரைத்திறன்தான் தந்தது. தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் அதையே எடுத்து, உலோகங்களை மாற்றி, பாகங்களுக்கு இடையிலான இடைவெளியைத் துல்லியமாக்கி, நீண்ட நேரம் ஓட்டிச் சோதித்து மேலே கொண்டுவந்தார்.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது, எடை. ராணுவம் வைத்த வரம்பு 2,160 பவுண்டு, அதாவது சுமார் 980 கிலோ. வில்லிஸ் வண்டி அதைத் தாண்டியது. எஞ்சினைக் குறைக்க ரூஸுக்கு மனமில்லை. வண்டியை அக்குவேறு ஆணிவேராகப் பிரித்து, நீளமான போல்ட்டுகளைக்கூட வெட்டிக் குறைத்து, பெயின்ட்டின் எடையைக்கூடக் கணக்குப் பார்த்து வரம்புக்குள் கொண்டுவந்தார்கள்.

அதாவது, பலமான எஞ்சின் வேண்டும் என்றால் மற்ற எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும் என்பது ஜீப் பிறந்த நாளிலேயே தெரிந்த பாடம்.

இந்தியாவில் ஏன் இத்தனை ஜீப்களில் எஞ்சின் மாறியது?

1947-ல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்களை இந்தியாவில் அசெம்பிள் செய்யத் தொடங்கியது. பிறகு சிஜே-3பி மாடலை உரிமம் பெற்றுப் பல ஆண்டுகள் தயாரித்தது. போர்க்கால ஜீப்களும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளும் ஏலம் மூலம் தனியார் கைக்கு வந்தன. 'டிஸ்போசல் ஜீப்' என்ற பெயர் அப்படித்தான் பட்டறைகளில் நிலைத்தது.

எஞ்சினை மாற்றியதற்குக் காரணம் வேகம் மட்டும் அல்ல. முதல் காரணம் உதிரி பாகங்கள். பழைய கோ டெவில் எஞ்சினுக்குப் பாகம் கிடைப்பது வருடா வருடம் கடினமானது. இரண்டாவது காரணம் எரிபொருள் விலை. பெட்ரோலைவிட டீசல் நீண்ட காலம் மிகவும் மலிவாக இருந்தது. டீசல் விலை நிர்ணயத்தில் இருந்து அரசு விலகியது 2014 அக்டோபரில்தான். அதுவரை "டீசலுக்கு மாத்தினா ரெண்டே வருஷத்துல காசு திரும்பிடும்" என்ற கணக்கு பலருக்குச் சரியாகவே இருந்தது.

மஹிந்திராவே தனது ஜீப்களை டீசலுக்கு மாற்றியது. இந்தியாவில் தயாரான பெஜோ எக்ஸ்டிபி 4.90 என்ற 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் எம்எம் 540 ஜீப்பில் வந்தது. நிறுவனமே செய்ததால், "நம்ம வண்டியிலும் போட்டுடலாமே" என்ற துணிச்சல் பட்டறைகளுக்கும் வந்தது. தேனி மாவட்டம் போடி, கம்பம் பக்கத்தில் இருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது போன்ற மலைப்பாதை ஓட்டத்துக்கு டீசல் ஜீப்தான் என்பது பழகிப்போனது.

'ஜோங்கா' கதை வேறு. ஜபல்பூரில் உள்ள ராணுவ வாகனத் தொழிற்சாலை, நிசான் பேட்ரோல் வண்டியை அடிப்படையாக வைத்து இதைத் தயாரித்தது. இதில் இருந்ததே கிட்டத்தட்ட 4 லிட்டர், 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஓட்டச் சுகமான வண்டி, ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். ராணுவத்தில் இருந்து வெளியே வந்த பல ஜோங்காக்களில் டீசல் எஞ்சின் ஏறியது. 1990-களில் பொதுமக்களுக்கு என்று வந்த ஜோங்காவிலேயே அசோக் லேலண்டின் ஹினோ டீசல் எஞ்சின்தான் இருந்தது.

உயரமான பானெட்டின் ரகசியம்

போர்க்கால ஜீப்பையும் பழைய மஹிந்திரா ஜீப்பையும் அருகருகே நிறுத்தினால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். மஹிந்திராவின் பானெட் உயரமாக, பெட்டி மாதிரி தூக்கலாக இருக்கும். அது அழகுக்காக வைத்தது அல்ல. எஞ்சின் மாற்றத்தின் அடையாளம்.

கோ டெவில் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. அதனால் எஞ்சினின் தலை தட்டையாக, குட்டையாக இருந்தது. அடுத்து வந்த 'ஹரிகேன்' எஞ்சினிலும் கொள்ளளவு அதே 2.2 லிட்டர்தான். ஆனால் காற்று உள்ளே வரும் வால்வுகளைச் சிலிண்டருக்கு மேலே கொண்டுபோனார்கள். சக்தி 60-ல் இருந்து சுமார் 75 குதிரைத்திறனாக உயர்ந்தது. எஞ்சினின் உயரமும் கூடியது. பழைய பானெட்டை மூட முடியவில்லை. 1953-ல் வந்த சிஜே-3பி ஜீப்புக்கு பானெட்டையே உயர்த்தினார்கள்.

வெறும் 15 குதிரைத்திறனுக்காக, தயாரித்த நிறுவனமே வண்டியின் முகத்தை மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் ஒரே வாரத்தில் எஞ்சினை இரட்டிப்பாக்கினால் என்னவெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை இதில் இருந்தே ஊகிக்கலாம்.

25 மடங்கு பெருகும் விசை: சின்னக் கணக்கு

எஞ்சின் தரும் விசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. வழியில் மூன்று இடங்களில் பெருகுகிறது.

வில்லிஸ் எம்பியில் முதல் கியர் விசையை 2.66 மடங்காக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸில் 'லோ' போட்டால் இன்னும் 1.97 மடங்கு. ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் அதை 4.88 மடங்காக்கும். மூன்றையும் பெருக்கினால் 25-க்கும் மேல் வருகிறது.

அதாவது எஞ்சினில் 142 நியூட்டன் மீட்டர் என்றால், லோ முதல் கியரில் சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது சுமார் 3,600. இப்போது அந்த இடத்தில் 250 நியூட்டன் மீட்டர் தரும் ஒரு டர்போ டீசலை வைத்துப் பாருங்கள். சக்கரங்களுக்குப் போவது சுமார் 6,400.

வழுக்கும் மண்ணில் இது பெரிய பிரச்சினை இல்லை. சக்கரம் வெறுமனே சுற்றிவிடும். ஆனால் பாறையில் சக்கரம் இறுக்கிப் பிடித்திருக்கும்போது, கிளட்சைச் சட்டென்று விட்டால், அந்த விசை முழுக்க எங்காவது போயாக வேண்டும். சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அது அறுந்துவிடும். கியர்பாக்ஸ் பல், கிரவுன் பினியன், ஆக்சில் ஷாஃப்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் என எதுவும் அந்தக் கண்ணியாக இருக்கலாம்.

அதில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் கியர்பாக்ஸ். எம்பியில் இருந்த டி-84 கியர்பாக்ஸ் இலகுவான வகை. போர் முடிந்து 1945-ல் பொதுமக்களுக்கான சிஜே-2ஏ ஜீப் வந்தபோது, எஞ்சின் அதே கோ டெவில்தான். ஆனாலும் வில்லிஸ் அந்த கியர்பாக்ஸைத் தொடரவில்லை. அதைவிடப் பலமான டி-90 கியர்பாக்ஸைப் பொருத்தியது. 60 குதிரைத்திறனுக்கே இந்த நிலை.

அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் எஞ்சினை மட்டும் தனியாக வாங்க வேண்டாம் என்கிறார்கள். எஞ்சினோடு அதன் கியர்பாக்ஸும் சேர்ந்து வர வேண்டும். பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொள்வதானால் இரண்டுக்கும் நடுவே அடாப்டர் பிளேட் லேத்தில் கடைந்து போட வேண்டும். அந்த பிளேட் ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும்.

பெரிய டீசல் போட்டால் வேகம் கூடுமா?

பலரும் ஏமாறும் இடம் இது. பெட்ரோல் கோ டெவில் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை போகும். எம்பியின் டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 2.25 மீட்டர் நகரும். டாப் கியரில், 4.88 ஆக்சிலோடு கணக்குப் போட்டால் 4,000 சுற்றில் மணிக்கு 110 கிலோமீட்டர் வருகிறது.

பழைய வகை டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 3,000 சுற்றைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். அதே கணக்கில் 3,000 சுற்றுக்குக் கிடைப்பது மணிக்கு 83 கிலோமீட்டர்தான். எஞ்சின் பெரிதாகியிருக்கும், மேடு ஏறும், ஆனால் நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டதும் கத்தத் தொடங்கும். "பெரிய எஞ்சின் போட்டும் வண்டி ஓட மாட்டேங்குதே" என்ற புலம்பலுக்குக் காரணம் எஞ்சின் அல்ல, ஆக்சில் விகிதம்.

இதைச் சரிசெய்ய ஆக்சிலின் கிரவுன் பினியனை மாற்ற வேண்டும், அல்லது ஓவர்டிரைவ் உள்ள 5 கியர் பாக்ஸ் போட வேண்டும். மறுபடியும் செலவு, மறுபடியும் அளவு மாற்றம்.

வேகம் கூடினால் நிற்குமா?

உயிரோடு விளையாடும் இடம் இதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட, 90-ல் போகும் அதே வண்டியை நிறுத்த பிரேக் 2.25 மடங்கு ஆற்றலை உள்வாங்க வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு என்றாலும், ஆற்றல் அதன் வர்க்கத்தில் கூடும்.

எம்பியில் இருப்பது 9 அங்குல டிரம். பூஸ்டர் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வார்ப்பிரும்பு டீசல் எஞ்சின் கனமானது. கூடுதல் எடை முழுக்க முன் ஆக்சிலில் விழும். முன் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கும், ஸ்டீயரிங் இறுகும், பிரேக் போட்டால் மூக்கு கீழே குத்தும், காலியாக இருக்கும் பின்சக்கரம் சீக்கிரம் வழுக்கும். ஆகவே, பிரேக்கை மாற்றாமல் எஞ்சினை மட்டும் பெரிதாக்குவது பாதி வேலை அல்ல, தப்பான வேலை.

பானெட்டுக்குள் நடக்கும் போராட்டம்

எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. முன் ஆக்சிலின் குண்டுப் பகுதி எஞ்சினுக்குக் கீழேதான் மேலும் கீழும் ஆடுகிறது. பள்ளத்தில் விழும்போது அது மேலே வந்து ஆயில் சம்ப்பை இடித்தால், மலை நடுவில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். அதற்காக எஞ்சினைத் தூக்கி வைத்தால் பானெட் மூடாது. பின்னால் தள்ளினால் ஓட்டுநரின் கால் வைக்கும் இடம் வெட்டுப்படும். முன்னால் தள்ளினால் ரேடியேட்டர் தடுக்கும்.

ரேடியேட்டரும் 60 குதிரைத்திறனுக்கு அளந்து வைத்ததுதான். சக்தி கூடினால் சூடும் கூடும். பெரிய ரேடியேட்டருக்கு இடம் இல்லாமல் பலர் முன் கிரில்லையே வெட்டிவிடுகிறார்கள். ஒன்பது துளை உள்ள அந்தப் போர்க்கால கிரில்தான் வண்டியின் அடையாளம். ஒருமுறை வெட்டினால் பழைய மதிப்பு திரும்பாது.

மின்சாரத்திலும் மாற்றம் வேண்டும். 6 வோல்ட் பேட்டரியால் டீசல் எஞ்சினைச் சுற்ற முடியாது. 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். செல்ஃப் மோட்டார், டைனமோ, பல்புகள், மீட்டர்கள் எல்லாமே மாறும்.

ஆர்டிஓ என்ன சொல்கிறது?

இந்தியாவில் இது பட்டறையோடு முடியும் விஷயம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கேரளாவில் இருந்து வந்த வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, விதிகளைவிடச் சட்டமே மேலானது, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தில் சில வாசல்கள் திறந்தே இருக்கின்றன. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற வேறு எரிசக்திக்கு, ஒப்புதல் பெற்ற கிட் மூலம் நிபந்தனைகளோடு மாறலாம். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினைப் போடுவதற்கு ஆர்டிஓவிடம் முன் அனுமதி வாங்கி, புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆனால் 60 குதிரைத்திறன் பெட்ரோல் ஜீப்பில் வேறொரு நிறுவனத்தின் பெரிய டீசல் எஞ்சின் என்பது இந்த வாசல்களுக்குள் எளிதில் நுழையாது.

அனுமதி இல்லாத மாற்றத்துக்குத் தண்டனையும் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே" என்று சொல்பவர்கள் உண்டு. தனிப்பட்ட வாகனத்தின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணை ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். விபத்து நடந்தால் சிக்கல் இன்னும் பெரிது. ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி எழுப்ப அதுவே போதும்.

'விண்டேஜ்' தகுதி எப்படிப் போகும்?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். பதிவு எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய்.

இதில் முக்கிய நிபந்தனை ஒன்று உண்டு. வண்டி அதன் மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. எனவே 1944-ல் பிறந்த ஜீப்பாகவே இருந்தாலும், உள்ளே இருப்பது 1995-ம் ஆண்டு டீசல் எஞ்சின் என்றால் அது விதியின் கண்ணில் விண்டேஜ் அல்ல, வெறும் பழைய வண்டி.

இன்னொரு பக்கமும் உண்டு. விண்டேஜாகப் பதிவு செய்த வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் அனுமதி. வணிகப் பயன்பாடு கூடாது. எனவே தினசரி ஓட்டத்துக்கு ஜீப் வேண்டும் என்பவரும், பழமையைக் காக்க வேண்டும் என்பவரும் ஒரே வண்டியில் இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

அப்போ திணறும் ஜீப்புக்கு என்ன வழி?

முதலில் கேட்க வேண்டியது: எஞ்சின் சின்னதா, அல்லது தேய்ந்துபோனதா? 80 வருட எஞ்சினில் ரிங், போர், வால்வு தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருந்தால், 60 குதிரைத்திறனில் பாதிகூட வராது. அந்த நோயாளி எஞ்சினையும் புத்தம் புது டர்போ டீசலையும் ஒப்பிட்டுத்தான் 'பழையது பத்தாது' என்று முடிவு செய்கிறார்கள்.

கம்ப்ரஷன் பார்ப்பதற்கு ஒரு கேஜும் அரை மணி நேரமும் போதும். நான்கு சிலிண்டரிலும் அளவு குறைந்திருந்தால் போர் செய்து, புதிய பிஸ்டன் ரிங் போட்டு, வால்வு அமரும் இடங்களைச் சரிசெய்யலாம். கார்புரேட்டர், இக்னிஷன் டைமிங், 6 வோல்ட் ஒயரிங்கின் எர்த் இணைப்பு ஆகியவற்றைச் சுத்தமாக்கினாலே வண்டியின் குணம் மாறிவிடும். உள்ளூரில் பாகம் கிடைக்காவிட்டாலும், உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் வில்லிஸ் பாகங்கள் வெளிநாடுகளில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன.

இரண்டாவது, ஓட்டும் முறை. லோ ரேஞ்ச் கியரை வருடக்கணக்கில் தொடாத ஜீப்கள் உண்டு. மேட்டில் திணறும் வண்டியில் நான்கு சக்கரமும் லோவும் போட்டால் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். எஞ்சின் மாற்றித் தேடும் சக்தி அந்தக் கம்பியிலேயே இருக்கிறது.

ஏற்கெனவே எஞ்சின் மாற்றிய ஜீப்பை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை:

• வண்டியில் உள்ள எஞ்சின் எண்ணும், எரிபொருள் வகையும் ஆர்.சி. புக்கில் உள்ளதோடு பொருந்துகிறதா?

• சேஸிஸ் எண் தெளிவாக இருக்கிறதா? சேஸிஸில் வெட்டி வெல்டிங் செய்த தழும்புகள் உண்டா?

• பிரேக் எஞ்சினுக்கு ஏற்ப மாற்றப்பட்டிருக்கிறதா, அல்லது அதே பழைய டிரம்மா?

• முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஆக்சிலுக்கும் ஆயில் சம்ப்புக்கும் நடுவே போதுமான இடைவெளி இருக்கிறதா?

• அரை மணி நேரம் மேட்டில் ஓட்டிய பிறகு டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது?

• கழற்றிய பழைய எஞ்சின் எங்கே? அது பத்திரமாக இருந்தால் வண்டியை ஒருநாள் மூல நிலைக்குக் கொண்டுவர வழி உண்டு. இரும்புக் கடைக்குப் போயிருந்தால் அந்த வழி மூடிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சினை மாற்றியே தீர வேண்டும் என்றால், வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது. 'முடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதுதான் இதில் அதிகம் செலவு வைக்கும் முடிவு.

சுருக்கமாக...

கோ டெவில் எஞ்சின், டி-84 கியர்பாக்ஸ், 9 அங்குல பிரேக், சின்ன ரேடியேட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. அதில் ஒன்றை மட்டும் இரட்டிப்பாக்கினால், மற்றவை ஒவ்வொன்றாகக் கை விரிக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் அப்போது மிஞ்சுவது ஜீப்பின் உடம்பு மட்டும்தான்.

ஷெட்டில் நிற்கும் தாத்தாவின் ஜீப்புக்கு, எஞ்சின் விலை கேட்கும் முன் ஒரு கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். பல வண்டிகளுக்குத் தேவைப்படுவது புது இதயம் அல்ல, பழைய இதயத்துக்கு ஒரு நல்ல வைத்தியம்.